ஆவியானவள் என்று எழுதிப் பார்த்தேன்

சென்ற வருஷம் ஒரு சின்ன ஜெபப் புத்தகத்தை ஆங்கிலத்திலிருந்து தமிழுக்குக் கொண்டுவரும் வேலை என் கைக்கு வந்தது. நாற்பது பக்கம்கூட இருக்காது. காலை ஜெபம், இரவு ஜெபம், நோயாளியின் படுக்கையருகே சொல்வது, துக்க வீட்டில் சொல்வது, அவ்வளவுதான். பத்து நாளில் முடித்துக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டேன். ஏழாம் பக்கத்தில் பரிசுத்த ஆவியைப் பற்றி ஒரு பத்தி இருந்தது. எழுதியவர் ஆவியை முழுக்கப் பெண்பாலில் சொல்லியிருந்தார். ஆதியிலே தண்ணீரின்மேல் அசைவாடியவள் அவள், சோர்ந்துபோனவர்களைத் தேடி இன்னும் வருகிறவள் அவள் என்று போகும். படித்தேன், புரிந்தது, கை தானாக ‘அவர் அசைவாடினார், அவர் வருகிறார்’ என்று தட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டது. ஒரு நொடி நின்று யோசித்ததாகக்கூட நினைவில்லை.

ஒரு மாதம் கழித்து அந்த ஆசிரியரிடமிருந்து ஒரு வரிக் கடிதம். அவருக்குத் தமிழ் தெரியாது. தெரிந்த யாரிடமோ கொடுத்து வரிக்கு வரி பொருள் கேட்டிருக்கிறார். “என்னுடைய ‘அவள்’ எங்கே போனாள்?” என்று மட்டும் எழுதியிருந்தார்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் ஒரு பெருமை. உட்கார்ந்து நீளமாகப் பதில் எழுதினேன். எங்கள் மொழியில் ‘அவர்’ என்ற சொல்லுக்கு ஆண், பெண் என்ற பிரிவு கிடையாது. வினையும் அப்படித்தான், ‘வந்தார்’ என்றால் வந்தது தந்தையா தாயா என்று அந்தச் சொல்லுக்கே தெரியாது. ஆகவே உங்கள் ‘அவள்’ எங்கும் போய்விடவில்லை, ‘அவர்’ என்பதற்குள் பத்திரமாக இருக்கிறாள். கடவுளை ‘அவன்’ என்பதா ‘அவள்’ என்பதா என்று நீங்கள் ஐம்பது வருஷமாகப் போட்டுக்கொண்டிருக்கும் சண்டையை எங்கள் இலக்கணம் என்றைக்கோ தீர்த்துவைத்துவிட்டது. இப்படியெல்லாம் எழுதி அனுப்பினேன். பதில் வரவில்லை. ஒப்புக்கொண்டுவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

அந்தக் கடிதத்தை இன்றைக்கு எடுத்துப் படித்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது. ஆனால் அன்று எனக்கிருந்த பெருமைக்குக் காரணம் இல்லாமல் இல்லை.

இரவல் வாங்கிய பால்

தொல்காப்பியத்தின் சொல்லதிகாரத்தில், தொடக்கத்திலேயே, நாலாவது நூற்பாவில் ஒரு செய்தி வருகிறது. தெய்வத்தைக் குறிக்கும் பெயர்களுக்குத் தமக்கென்று தனி ஈறு கிடையாது. உயர்திணைக்குரிய ஈறுகளை வாங்கிக்கொண்டு பால் பிரிந்து நடக்கும் என்கிறார். தெய்வத்தைப் பற்றிப் பேச மொழியில் தனியாக எதுவும் இல்லை, மனிதருக்காகச் செய்து வைத்ததை இரவல் வாங்கித்தான் பேசுகிறோம் என்று இலக்கணக்காரர் ஒருவர் இவ்வளவு பட்டென்று சொல்லிவிட்டுப் போகிறார். அவர் இறையியல் பேசவில்லை, சொல்லைப் பற்றித்தான் பேசுகிறார். ஆனாலும் நான் படித்த பல இறையியல் பக்கங்களைவிட எனக்கு அது தெளிவாகப் பட்டது.

இதே விஷயத்தை கி.பி. 380 வாக்கில் கான்ஸ்டான்டிநோபிளில் நசியான்சஸ் கிரெகோரி என்ற ஆயர் வேறு விதமாகச் சொன்னார். கொஞ்சம் கேலியாகவே சொன்னார். கடவுள் என்ற சொல்லும் தந்தை என்ற சொல்லும் ஆண்பாலில் இருப்பதால் கடவுளை ஆண் என்று நினைத்துக்கொள்கிறீர்களா? அப்படியானால் ‘தெய்வத்தன்மை’ என்ற கிரேக்கச் சொல் பெண்பால், ‘ஆவி’ என்ற சொல் இரண்டுமல்லாத பால், அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேட்டார். அவருடைய நண்பர் நிசாவின் கிரெகோரி, உன்னதப்பாட்டுக்கு எழுதிய விளக்கத்தில், கடவுளைத் தாய் என்றாலும் தந்தை என்றாலும் பொருள் ஒன்றே, தெய்வ இயல்பில் ஆணும் இல்லை பெண்ணும் இல்லை என்று எழுதியிருக்கிறார். 1992-இல் வந்த கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 239-ஆம் பத்தியும் கடவுள் ஆணுமல்ல, பெண்ணுமல்ல, கடவுளே என்கிறது. ஆக, ஏட்டில் இது என்றைக்கோ முடிந்த விவகாரம். திருச்சபையின் பெரிய ஆசிரியர்கள் கடவுளை ஆண் என்று கற்பிக்கவில்லை. பிறகு ஏன் இத்தனை பேருக்கு மனதில் தாடி வைத்த ஒரு பெரியவரே வருகிறார் என்பதுதான் கேள்வி. அந்தக் கேள்வியை அப்போது நான் என்னிடம் கேட்டுக்கொள்ளவில்லை.

ஆவியின் கதை இன்னும் வேடிக்கை. எபிரேயத்தில் ‘ரூவாக்’ பெரும்பாலும் பெண்பால். ஆதியாகமத்தின் இரண்டாம் வசனத்தில் தண்ணீரின்மேல் அசைவாடுகிற அந்த வினையும் பெண்பால் வடிவம்தான். உபாகமம் 32-இல் கழுகு தன் குஞ்சுகளின்மேல் அசைவாடுவதற்கு வருகிற அதே வினை. கிரேக்கத்துக்குப் போனதும் அந்தப் பெண்பால் போய்விட்டது; ‘ப்நியூமா’ இரண்டுமல்லாதது. லத்தீனுக்குப் போனதும் ‘ஸ்பிரித்துஸ்’ ஆண்பால். எல்லை தாண்டும்போதெல்லாம் ஆவிக்கு வேறொரு அடையாளச் சீட்டு கொடுத்திருக்கிறார்கள்.

சிரியாக் மொழி மட்டும் எபிரேயத்தின் உறவு என்பதால் ‘ரூஹா’ பெண்பாலிலேயே இருந்தது. நாலாம் நூற்றாண்டில் அந்த மொழியில் எழுதிய அப்ராகாத், திருமணம் ஆகாத மனிதன் கடவுளைத் தன் தந்தையாகவும் பரிசுத்த ஆவியைத் தன் தாயாகவும் நேசிக்கிறான் என்று ரொம்ப இயல்பாக எழுதிக்கொண்டு போகிறார். சாலமோனின் பாடல்கள் என்ற பெயரில் சிரியாக்கில் கிடைக்கும் பழைய துதிப்பாடல் ஒன்றில் பிதாவின் மார்பிலிருந்து ஆவியானவள் பால் கறக்கிறாள். இன்றைக்கு அதைச் சபையில் வாசித்தால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள். ஐந்தாம் நூற்றாண்டு வாக்கில் சிரியாக் எழுத்தாளர்களும் மாறத் தொடங்கினார்கள். சொல் பெண்பாலாகவே இருக்க, பரிசுத்த ஆவியைச் சொல்லும்போது மட்டும் வினையை ஆண்பாலில் போட்டார்கள். தங்கள் இலக்கணத்தைத் தாங்களே மீறினார்கள்.

தமிழிலும் அதுதானே நடந்திருக்கிறது! ‘ஆவி’ நமக்கு அஃறிணை. ‘ஆவி வந்தது’ என்பதுதான் முறை. மொழிபெயர்த்தவர்கள் அதை அப்படியே விட மனமில்லாமல் ‘ஆனவர்’ என்பதை ஒட்டி, ‘ஆவியானவர் அசைவாடிக்கொண்டிருந்தார்’ என்று உயர்திணைக்கு ஏற்றிவைத்தார்கள். அந்த ‘அவர்’ எபிரேயத்திலும் இல்லை, கிரேக்கத்திலும் இல்லை. அது நம்முடைய கை. ஒருவரைப் பன்மையில் சொல்வது வழக்கில் வந்த உயர்சொல்லே தவிர இலக்கணத்தின் வழி அல்ல என்றும் தொல்காப்பியர்தான் சொல்கிறார். மரியாதை எப்போதும் இலக்கணத்தைக் கொஞ்சம் வளைத்துத்தான் உள்ளே வந்திருக்கிறது.

யாரு அந்த அவரு?

மொழிபெயர்ப்பை முடித்ததும் பெரியம்மாவிடம் வாசித்துக் காட்டுவது என் வழக்கம். அவருக்கு எண்பத்திரண்டு வயது. கண் மங்கிவிட்டது, காது இன்னும் கூர்மை. ஜெபம் என்பது காதுக்கானது, கண்ணுக்கானது அல்ல என்பதால் அவருக்கு இடறும் வாக்கியத்தை நான் மாற்றிவிடுவேன். ஏழாம் பக்கத்துக்கு வந்தபோது கையை உயர்த்தினார்.

“யாரு அந்த அவரு? ஏசப்பாவா?”

“இல்ல பெரியம்மா, பரிசுத்த ஆவியானவர்.”

“ஓ. சரி, படி.”

நான் சும்மா இருந்திருக்கலாம். பேச்சுவாக்கில், இங்கிலீஷில் இந்த இடத்தில் ‘அவள்’ என்று இருக்கிறது, தமிழில் ‘அவர்’ என்றாலே இரண்டு பேருக்கும் பொருந்தும் என்பதால் அப்படிப் போட்டேன் என்று சொன்னேன். அவர் கொஞ்சநேரம் யோசித்தார்.

“பொம்பளைன்னா ‘அவங்க’ன்னு தானே சொல்லணும்?”

“அவர்னாலும் அதேதான் பெரியம்மா.”

“எப்படிக் கண்ணு அதே? டீச்சர் வந்தாங்க. சார் வந்தாரு. ‘டீச்சரம்மா வந்தாரு’ன்னு யாராச்சும் சொல்லுவாங்களா? அவருன்னா ஆம்பளை. உங்க பெரியப்பாவ நான் என்னைக்குப் பேரு சொல்லிருக்கேன்? அவரு, அவருதான்.”

நான் வாயைத் திறக்கவில்லை. இத்தனை வருஷமாகத் தமிழில் எழுதுகிறேன், பிழை திருத்துகிறேன், பலர்பால் உயர்வுக்கு வந்தது என்று வாய்கிழியப் பேசுகிறேன். வீட்டுக்குள் எல்லோரும் என்ன பேசுகிறோம் என்று காது கொடுத்துக் கேட்கவே இல்லை. எழுத்தில் ‘அவர்’ இருவருக்கும் பொதுதான். பேச்சில் அது பிரிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. மரியாதைக்குரிய ஆண் ‘அவரு’, மரியாதைக்குரிய பெண் ‘அவங்க’. சில வீடுகளில் அப்பாவையும் ‘வந்தாங்க’ என்பார்கள், அது உண்மை. ஆனால் அம்மாவை ‘வந்தாரு’ என்று எந்த வீட்டிலும் நான் கேட்டதில்லை. ஒரு பக்கம்தான் கதவு திறக்கிறது. இலக்கணப் புத்தகத்துக்குள் பத்திரமாக இருக்கிறாள் என்று நான் அந்த ஆசிரியருக்கு எழுதினேனே, அந்த ‘அவள்’ புத்தகத்துக்குள் மட்டும்தான் பத்திரமாக இருந்தாள். வாசிக்கிற வாய்க்கு வந்ததும் அவளைக் காணோம்.

இங்கே ஒன்று கேட்க வேண்டும். அந்த ஆசிரியரை நான் முதலிலிருந்தே ‘அவர்’ என்றுதான் எழுதியிருக்கிறேன். கடிதம் போட்டார், பொருள் கேட்டார், எழுதியிருந்தார். படித்தபோது உங்கள் மனதில் வந்தது யார்? அவர் ஒரு பெண். எழுபதைத் தாண்டியவர். ஏமாற்ற வேண்டும் என்று நான் எதுவும் செய்யவில்லை, முறையான எழுத்துத் தமிழில் எழுதினேன், அவ்வளவுதான். பெரியம்மாவையும் இதே ‘அவர்’ என்றுதான் எழுதினேன், ஆனால் அங்கே ‘பெரியம்மா’ என்ற சொல் முன்னால் நின்று விளக்குப் பிடித்தது. அப்படி ஒரு சொல் முன்னால் இல்லாத இடத்தில் ‘அவர்’ எந்தப் பக்கம் சாய்கிறது என்று பாருங்கள். கடவுளுக்கு முன்னால் நிற்கும் சொல்லோ பிதா.

பாரசீகத்திலும் துருக்கியிலும் பின்னிஷிலும் அவன், அவள் என்ற பிரிவே கிடையாது, ஒரே சொல்தான். அதனால் அந்த மொழிகளில் ஜெபிக்கிறவர்களின் மனக்கண்ணில் ஆண் முகம் வராமல் போய்விட்டதா என்ன? இலக்கணம் காலியாக விட்ட இடத்தில் பழக்கம் வந்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஆங்கிலத்தில் சண்டை போடுகிறவர்களுக்காவது எதிரி கண்ணுக்குத் தெரிகிறது, மூன்றெழுத்து, இரண்டெழுத்து என்று சுட்டிக்காட்டலாம். நமக்கு அதுவும் இல்லை. நம் ‘அவர்’ குற்றமற்ற முகத்தோடு நிற்கிறது.

இன்னொரு விஷயமும் பிறகுதான் உறைத்தது. பழைய தமிழ் வேதாகமத்தில் ‘அவர்’ தெய்வத்துக்கென்றே வைத்தது. மோசே ‘அவன்’, தாவீது ராஜா ‘அவன்’, பேதுரு ‘அவன்’, மரியாள் ‘அவள்’, தேவதூதன்கூட ‘என்றான்’தான். இன்றைய காதுக்கு அது மரியாதைக் குறைவாகப் படும். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு நேர்மை இருந்தது: ஆண்கள் எல்லாம் ‘அவன்’ என்பதால் கடவுளின் ‘அவர்’ ஆண்களின் வரிசையில் சேரவில்லை, தனியாக நின்றது. 1995-இல் வந்த திருவிவிலியம் மனிதர்களுக்கும் மரியாதை கொடுத்தது. மரியாவும் ‘என்றார்’. அது சரியான முடிவு என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் எல்லோரும் ‘அவர்’ ஆனபிறகு, கடவுளின் ‘அவர்’ ஊர்ப் பெரியவர்களின் ‘அவர்’ பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒரு பக்கம் இழுத்தால் இன்னொரு பக்கம் கால் தெரிகிற போர்வை.

தேவன் என்ற சொல்லைப் பற்றிப் பேசப்போவதில்லை. ‘அன்’ ஈற்றுப் பெயர், ‘ஆர்’ ஈற்று வினை: ‘தேவன் சிருஷ்டித்தார்’. தினமும் சொல்லித் தேய்ந்துபோனதால் அந்தப் பொருத்தமின்மை யார் காதிலும் விழுவதில்லை.

அம்மாவுக்கு நீ, அப்பாவுக்கு நீங்கள்

இதைவிட ஆழமான ஒன்று பெரியம்மாவின் பேச்சில் இருந்தது. நான் அதைப் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆயிற்று. நம்மில் பலர் அப்பாவிடம் ‘நீங்க’ என்போம், அம்மாவிடம் ‘நீ’ என்போம். ‘அப்பா வந்தாரு, அம்மா வந்தா’. இதில் அம்மாவை மதிக்கவில்லை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். மரியாதை அப்பாவுக்கு, நெருக்கம் அம்மாவுக்கு என்று மொழி பங்கு பிரித்து வைத்திருக்கிறது. கடவுளுக்கு எந்தப் பங்கைக் கொடுத்தோம்? மரியாதையை. அதோடு அப்பாவின் சாயலும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது. நம் மொழியில் கடவுளை ஆணாக்கியது ஆண்பால் விகுதி அல்ல, மரியாதை விகுதி. இதை ஆங்கிலத்தில் எழுதுகிற இறையியலார் யாரும் நமக்குச் சொல்லித்தர முடியாது, அவர்களுக்கு இந்தச் சிக்கலே கிடையாது.

வேதாகமம் என்னவோ நெருக்கத்தைத் தாய் வழியாகவே சொல்கிறது. “ஒருவனை அவன் தாய் தேற்றுவதுபோல் நான் உங்களைத் தேற்றுவேன்” என்கிறது ஏசாயா 66. அதே ஏசாயாவின் 42-ஆம் அதிகாரத்தில் கடவுள் பிள்ளை பெறுகிறவளைப்போலச் சத்தமிடுகிறார். மோசேயின் பாட்டில் வருகிற ‘உன்னைப் பெற்ற தேவன்’ என்ற இடத்தில் எபிரேய வினை பிரசவ வேதனையைக் குறிப்பது. நம் ‘பெற்ற’ என்பது அப்பாவுக்கும் பொருந்துவதால் அந்த வலி நமக்குக் கேட்பதில்லை. இரக்கம் என்பதற்கான ‘ரகமீம்’ என்ற எபிரேயச் சொல்லும் கருப்பை என்பதற்கான ‘ரேகெம்’ என்ற சொல்லும் ஒரே வேரில் பிறந்தவை. இயேசு தன்னைக் குஞ்சுகளைக் கூட்டிச் சேர்க்கிற கோழியாகச் சொன்னது எல்லோருக்கும் தெரியும்.

பழைய ஆட்கள் இதையெல்லாம் சொல்லக் கூச்சப்படவில்லை என்பதுதான் ஆச்சரியம். 675-இல் ஸ்பெயினில் கூடிய தொலேதோ ஆயர் சங்கம், குமாரன் ‘பிதாவின் கர்ப்பத்திலிருந்து’ பிறந்தார் என்று விசுவாச அறிக்கையிலேயே எழுதிவைத்தது. 1373-இல் காட்சிகள் கண்ட நார்விச் ஜூலியன் என்ற ஆங்கிலேயப் பெண் துறவி, கடவுள் எவ்வளவு உண்மையாக நம் தந்தையோ அவ்வளவு உண்மையாக நம் தாய் என்றார், இயேசுவையே தாய் என்றழைத்தார். கவனிக்க வேண்டியது, தாய் என்று அழைத்த அதே வாக்கியங்களில் ‘அவன்’ என்ற ஆங்கில ஆண்பால் சொல்லையே தொடர்ந்தார். நம் தாய் இயேசு, அவன் நமக்குப் பாலூட்டுகிறான் என்பதுபோல. பெயரும் பாலும் பொருந்தாமல் உரசுகிற அந்த இடத்தில்தான் எனக்குக் கடவுள் கொஞ்சம் தெரிகிற மாதிரி இருக்கிறது.

மறுபக்கத்து வாதத்தையும் தள்ளிவிட எனக்கு மனமில்லை. 1948-இல் ஆங்கில எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ், ‘பரலோகத்திலிருக்கிற எங்கள் தாயே’ என்று ஜெபிக்க ஆரம்பித்தால் அது வேறொரு மதமாகிவிடும் என்று எழுதினார். கொஞ்சம் மிகைதான். ஆனால் தந்தை என்பது இயேசு வாயிலிருந்து வந்த பெயர் என்பதை யாராலும் மறுக்க முடியாது. பழைய ஏற்பாட்டில் அரிதாக வருகிற அந்தப் பெயர் யோவான் நற்செய்தியில் மட்டும் நூறு தடவைக்கு மேல் வருகிறது. அதை எடுத்துவிட்டுப் படைப்பவர், மீட்பவர், பரிசுத்தமாக்குபவர் என்று தொழில்களைப் போட்டு ஞானஸ்நானம் கொடுத்தால் செல்லாது என்று 2008-இல் வத்திக்கான் சொன்னபோது, அதில் எனக்கு நியாயம் தெரிந்தது. ஒருவரைப் பெயர் சொல்லி அழைப்பதும் வேலையைச் சொல்லி அழைப்பதும் ஒன்றல்ல. அதே சமயம், கடவுள் ஆண் என்றால் ஆண்தான் கடவுள் என்று 1973-இல் பெண்ணிய இறையியலாளர் மேரி டேலி எழுதியதையும் என்னால் மறக்க முடியவில்லை. பிதா என்ற பெயர் இருக்கட்டும். அந்தப் பெயரை நான் சொல்லிக்கொண்டேதான் இருப்பேன். பெயருக்குப் பின்னால் வரிசையாக வருகிற நூறு ‘அவர்’களில் ஒளிந்து வருகிற ஆளைப் பற்றித்தான் என் கவலை.

நான், நீ

சரி, ஏழாம் பக்கத்தை என்ன செய்வது? முதலில் துணிந்து ‘ஆவியானவள்’ என்று எழுதிப் பார்த்தேன். கணினி சிவப்புக் கோடு போட்டது. பெரியம்மாவிடம் வாசித்தேன். அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “ஆவின்னாலே பேயின்னு நெனப்பாங்க. இதுல பொம்பளைப் பேயா?” நியாயம்தான். அவர் முதலில் சொன்ன ‘அவங்க’ளைப் போடலாம் என்றால், எழுத்தில் அது ‘அவர்கள்’ ஆகிவிடும். ஒரே ஆவியை ‘ஆவியானவர்கள்’ என்று எழுதினால் திரித்துவத்தில் ஆள் எண்ணிக்கை கூடிவிடும். பேச்சில் இருக்கிற ஒரே பெண்பால் மரியாதைச் சொல் எழுத்துக்குள் நுழைந்தால் கூட்டமாகிவிடுகிறது. பெயரை விட்டுவிட்டு வினையை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்று பார்த்தால், தமிழ் வினை தன் வாலிலேயே ஆளைக் கட்டிக்கொண்டு வருகிறது.

அப்போதுதான் யாத்திராகமம் மூன்றாம் அதிகாரம் ஞாபகம் வந்தது. மோசே பெயர் கேட்கிறான். கடவுள் சொன்ன பதில் ‘எஹ்யே’ என்று தொடங்குகிறது. தன்மை ஒருமை வினை. எபிரேயத்தில் அந்த வடிவத்துக்குப் பால் கிடையாது. கிரேக்கத்தில் அதை ‘இருக்கிறவன்’ என்ற பொருள்பட ஆண்பாலில் பெயர்த்தார்கள். 1992-இல் இறையியலாளர் எலிசபெத் ஜான்சன் அதே பெயரை வேண்டுமென்றே பெண்பாலில் மாற்றித் தன் புத்தகத்துக்குத் தலைப்பாக்கினார். தமிழில் ‘இருக்கிறவராக இருக்கிறேன்’. கடவுள் தனக்குத்தானே மரியாதை விகுதி போட்டுக்கொள்கிறார்! யோசித்தால் சிரிப்பாக இருக்கிறது, ஆனால் அந்த ‘வராக’ என்பதைத் தள்ளிவிட்டுப் பார்த்தால் மிஞ்சுவது ‘இருக்கிறேன்’ மட்டும்தான். அதற்கும் பால் இல்லை. கடவுள் தன்னைப் பற்றித் தானே பேசும்போது ஆணுமில்லை பெண்ணுமில்லை. நாம் அவரைப் பற்றி இன்னொருவரிடம் பேச ஆரம்பித்ததும்தான் எல்லாம் வந்து சேர்கிறது.

தமிழில் முன்னிலைக்கும் பால் இல்லை. எபிரேயத்தில் ‘நீ’ என்பதே ஆணுக்கு ஒன்று பெண்ணுக்கு ஒன்று. நமக்கு அந்தத் தொல்லை கிடையாது. ஆகவே அந்தப் பத்தி முழுவதையும் ஆவியைப் பற்றிப் பேசாமல் ஆவியிடம் பேசுவதாகத் திருப்பி எழுதினேன். ஜெபப் புத்தகம்தானே, யாரும் குறை சொல்ல முடியாது. ‘நீர்’ போடுவதா ‘நீ’ போடுவதா என்பதில் இரண்டு நாள் போயிற்று. சபையில் ‘நீர்’தான் பழக்கம். ஆனால் பேச்சில் நான் யாரையும் ‘நீர்’ என்று அழைப்பதில்லை. அது கடவுளுக்காக மட்டும் பீரோவில் மடித்து வைத்த உடுப்பு. ‘சத்தாய் நிஷ்களமாய்’ என்று தொடங்கும் பாடலில் கிறிஸ்தவக் கவிஞர் கிருஷ்ணபிள்ளை கடவுளை முதலில் அஃறிணைபோல ‘இலதாய்’ என்கிறார், ‘திரித்துவமே’ என்று கூப்பிடுகிறார், பிறகு ‘அத்தா’ என்று தந்தையாக்கி, உடனே ‘உன்னையல்லால்’ என்று உரிமையோடு ‘நீ’க்கு வந்துவிடுகிறார். நாலு வரிக்குள் இத்தனையும். அவரே செய்திருக்கிறார் என்ற தைரியத்தில் ‘நீ’ போட்டேன். ‘தண்ணீர்மேல் அசைவாடினாய், குஞ்சுகள்மேல் கழுகைப் போல.’

ஆசிரியருக்கு இரண்டாவது கடிதம் எழுதினேன். முதல் கடிதத்துக்கு மன்னிப்புக் கேட்டு, பெரியம்மா சொன்னதையும் ‘நீ’ என்று மாற்றியதையும் விளக்கினேன். இம்முறை பதில் வந்தது. நீ என்பது அம்மாவைக் கூப்பிடும் சொல் என்றால் அதுவே போதும் என்று எழுதியிருந்தார்.

கடைசிப் பக்கம் மட்டும் மிச்சமிருந்தது. அங்கே ஆசீர்வாதம். ஆவியிடம் பேச முடியாது, எதிரே இருக்கிற ஜனங்களிடம் ஆவியைப் பற்றித்தான் பேச வேண்டும். மூலத்தில் மறுபடியும் அவள், அவள், அவள். ‘இருப்பாராக’ என்று எழுதி அடித்தேன். பிறகு வியங்கோள் கைகொடுத்தது. வருக, தங்குக, தேற்றுக: ஐந்து பாலுக்கும் மூன்று இடத்துக்கும் ஒரே வடிவம். ‘உங்களோடு வருக, உங்கள் வீட்டில் தங்குக, உங்கள் கண்ணீரைத் துடைக்க’ என்று பெயரே போடாமல் எழுதி முடித்தேன். ரொம்பத் திருப்தி. இதைவிடச் சுத்தமாக யாரும் செய்ய முடியாது என்று தோன்றியது.

அன்று சாயங்காலமே பெரியம்மாவிடம் வாசித்தேன். கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டார். ஆமென் சொன்னார். கொஞ்சநேரம் கழித்துக் கண்ணைத் திறந்து, “நல்லாருக்கு கண்ணு. ஆனா யாரு வரணும்னு சொல்லவே இல்லியே?” என்றார்.